பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே இடத்தை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிற குளறுபடியைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னபோது, அமைப்பாளர் ஒருவர் சிரித்தார். "இதில் ஒரு மணி நேரம் பேச என்ன சார் இருக்கிறது? பார்த்து எழுதினால் போச்சு" என்றார். நம்மில் பெரும்பாலோர் எண்ணமும் அதுதான். யாரோ ஒருவர் கவனிக்கவில்லை, அதனால் தப்பு நடந்தது. அவரைத் திட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கவனமாகப் பார்த்து, கவனமாக எழுதி, அதன் பிறகும் இரண்டு பேருக்குக் கொடுத்தவர்கள்தான் இந்த வரலாற்றில் அதிகம்.

நம் ஊர்களில் இந்தக் குளறுபடி அதிகம் நடக்கிற இடம் கல்யாண மண்டபம். காரணம் பஞ்சாங்கம். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியைப் பல குடும்பங்கள் ஒதுக்கிவிடும். மீதி மாதங்களிலும் அஷ்டமி, நவமி, கரிநாள், செவ்வாய், சனி என்று கழித்துக்கொண்டே வந்து, வளர்பிறையாகவும் இருக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தால் தேவலை என்று பார்த்தால், மிஞ்சுகிற நாட்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடி நாட்களுக்குள் ஊரே கல்யாணம் செய்தாக வேண்டும்.

மண்டப ஆபீஸில் ஒரு டைரி இருக்கும். தேதிக்கு ஒரு பக்கம். எட்டாம் தேதி காலை முகூர்த்தம் என்றால் எட்டாம் பக்கத்தில் பெண் வீட்டார் பெயர், மாப்பிள்ளை வீட்டார் பெயர், அட்வான்ஸ் தொகை எல்லாம் எழுதிவிடுவார்கள். ஆனால் 'ஒரு நாள் வாடகை' என்று நாம் சொல்வது ஒரு நாள் அல்ல. ஏழாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குச் சாவி வாங்கி, அன்று மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை தாலி கட்டு, மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குக் காலி செய்வது. இது இரண்டு தேதிகளின் மேல் படுத்துக் கிடக்கிற ஒரு நாள். இப்போது ஒருவர் ஏழாம் தேதி மாலை பிள்ளைக்குப் பிறந்தநாள் விழா என்று வருகிறார். மேனேஜர் ஏழாம் பக்கத்தைப் புரட்டுகிறார். காலி. அட்வான்ஸ் வாங்கி ரசீது கொடுத்துவிடுகிறார். அவர் பார்க்காமல் எழுதவில்லை. பார்த்த பக்கம் உண்மையிலேயே காலிதான். டைரி நாளைக் கட்டமாக வைத்திருக்கிறது. மண்டபம் வாடகைக்குப் போவது மூன்று மணிக்கு மூன்று மணி என்ற கணக்கில். இரண்டு கணக்கும் பொருந்தாத இடத்தில் சண்டைக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

ஜேம்ஸ் ஆலன் என்ற கணினி அறிஞர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு கால அளவுகளை எடுத்துக்கொண்டால் அவற்றுக்கிடையே எத்தனை வகை உறவு இருக்க முடியும் என்பது கேள்வி. பதில்: 13. ஒன்று மற்றதற்கு முன்னால், பின்னால், ஒன்றின் நடுவில் மற்றொன்று, இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்று முன்னால் முடிவது, இப்படி. பதின்மூன்றில் ஒன்பது மோதல். இரண்டில் நடுவே இடைவெளி இருக்கிறது. மிச்சம் இரண்டுதான் சுவாரசியம்: ஒன்று முடிகிற நொடியில் மற்றது தொடங்குவது. காகிதத்தில் அது மோதல் இல்லை. மண்டபத்தில் மோதல்தான். மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டாரின் பாத்திர வண்டி வாசலில் வந்து நிற்கும். லாட்ஜுக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். காலி செய்யும் நேரம் ஒன்று, உள்ளே வரும் நேரம் ஒன்று. நடுவில் படுக்கை விரிப்பு மாற்ற அவகாசம். மண்டபங்கள் மட்டும் இன்னும் மூன்றுக்கு மூன்று என்று பிடிவாதமாக இருக்கின்றன.

மண்டபத்தில் மோதினால் வாய்ச்சண்டை, அதிகம் போனால் போலீஸ் ஸ்டேஷன். ரயில் பாதையில் மோதினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் இந்த விஷயத்தை நம்மைவிடக் கூர்மையாக யோசித்தார்கள். ஒற்றைப் பாதை என்பது என்ன? இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரே தண்டவாளம். அந்தத் துண்டை ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் ஒதுக்கலாம். இரண்டு வண்டிக்கு ஒதுக்கிவிட்டால் அதை யாரும் பிறகு பேசித் தீர்க்க முடியாது.

இங்கிலாந்தில் நார்விச் நகரத்துக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடம். 1874 செப்டம்பர் 10, இரவு. நார்விச்சிலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் புறப்படவேண்டும். எதிர்ப்பக்கம் பிரண்டல் ஸ்டேஷனிலிருந்து ஒரு மெயில் வண்டி வரவேண்டும். நடுவே ஒற்றைப் பாதை. எக்ஸ்பிரஸ் தாமதமானதால், மெயிலை முதலில் வரச் சொல்லலாமா என்று ஒரு யோசனை. அன்றைய விதிப்படி அப்படிச் செய்ய வேண்டுமானால் நார்விச் இன்ஸ்பெக்டர் தந்திச் செய்தியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது போகவேண்டும். கையெழுத்து விழுவதற்கு முன்பே 'மெயிலை அனுப்பு' என்று செய்தி போய்விட்டது. யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதில் இன்ஸ்பெக்டருக்கும் தந்தி குமாஸ்தாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இன்ஸ்பெக்டரோ மெயில் வராது என்ற எண்ணத்தில் எக்ஸ்பிரஸை அனுப்பிவிட்டார். விஷயம் புரிந்ததும் தந்தி அறைக்கு ஓடினார்கள். மெயிலை நிறுத்து என்று செய்தி அடித்தார்கள். 'மெயில் போய்விட்டது' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வண்டியும் இருட்டில் ஒன்றை நோக்கி ஒன்று போய்க்கொண்டிருந்தன. செத்தவர்கள் 25 பேருக்குக் குறையாது.

இதில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒருவர் பாதையை 'ஒதுக்கலாமா' என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் 'ஒதுக்கியாயிற்று' என்று எழுதிவிட்டார். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த சில நிமிடங்களில்தான் எல்லாம் நடந்தது. நான் இன்று சொல்ல வந்தது மொத்தமும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான். பார்க்கும்போது காலி; எழுதும்போது காலி இல்லை.

இந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878-இல் ஒரு கருவி கொண்டுவந்தார். மனிதர்களின் ஞாபகத்தையும் கையெழுத்தையும் நம்பாமல், பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வில்லைகள். அவற்றில் ஒன்று கையில் இருக்கிற டிரைவர்தான் அந்தத் துண்டுக்குள் போகலாம். இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு பெட்டி, நடுவே மின்கம்பித் தொடர்பு. ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை இரண்டாவது வில்லை எந்தப் பக்கத்திலும் வெளியே வராது. அனுமதி என்பது சொல்லாக இல்லாமல் பொருளாக ஆகிவிட்டது. சொல்லை இரண்டு பேரிடம் சொல்லலாம். பொருளை இரண்டு பேரிடம் கொடுக்க முடியாது.

நம் நாட்டில் இதே யோசனையில் வந்தது நீல்ஸ் பால் டோக்கன். சிறு இரும்புப் பந்து. ஒரு வளையத்தில் கட்டிய தோல் பையில் பந்தைப் போட்டு, வண்டி பிளாட்பாரத்தைக் கடக்கும்போதே ஸ்டேஷன் ஆள் தூக்கிப் பிடிக்க, இஞ்சினிலிருந்து கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் தெற்கே ரயிலேறிய பெரியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை என்று நினைத்திருப்போம். அந்தப் பந்துதான் அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான ரிசர்வேஷன்.

சரி, பொருளாக்கியாயிற்று, தீர்ந்ததா? 1921 ஜனவரி 26, வேல்ஸ் நாட்டில் ஆபர்மூல் என்ற சின்ன ஸ்டேஷன். மாண்ட்கோமரி ஊரிலிருந்து ஒரு பாசஞ்சர் வண்டி வந்து நிற்கிறது. எதிரே நியூடவுன் பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் அப்போதே கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முறையான வில்லையும் கொடுத்தாயிற்று. பாசஞ்சர் டிரைவரிடமிருந்து, அவர் கடந்து வந்த துண்டின் வில்லையை ஸ்டேஷன் பையன் ஒருவன் வாங்குகிறான். அதைப் பெட்டியில் போடவேண்டும். வழியில் பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டர் எதிர்ப்படுகிறார். அவர் விடுப்பில் போனவருக்கு மாற்றாக வந்தவர், சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார். பையன் வில்லையை அவர் கையில் கொடுத்துவிட்டு பயணிகளிடம் டிக்கெட் வாங்கப் போய்விடுகிறான். இவர் அதை அடுத்த துண்டுக்கான வில்லை என்று நினைத்துக்கொண்டு அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். டிரைவர் எந்தத் துண்டின் வில்லையைக் கொண்டுவந்தாரோ அதையே வாங்கிக்கொண்டு கிளம்பினார். வில்லையில் ஊர்ப்பெயர் பொறித்திருந்தது. ஒருவரும் படிக்கவில்லை. மோதலில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் அந்த ரயில் கம்பெனியின் இயக்குநர் ஒருவரும் உண்டு.

கருவி தவறு செய்யவில்லை; அது இரண்டாவது வில்லையைக் கொடுக்கவே இல்லை. நாலு பேர் கைமாறி, ஒவ்வொருவரும் முந்தையவர் பார்த்திருப்பார் என்று நினைத்ததுதான் நடந்தது. இன்றைக்கு நம் செல்போனுக்கு வருகிற முன்பதிவுக் குறுஞ்செய்தியும் ஒரு வில்லைதான். நள்ளிரவு 12.10-க்குப் புறப்படும் ரயிலுக்கு 15-ஆம் தேதி டிக்கெட் வைத்திருப்பவர், 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக ஸ்டேஷனுக்கு வருவார். அவருடைய வண்டி முந்தைய இரவே போயிருக்கும். தேதி சரியாகத்தான் அச்சாகியிருந்தது.

பாதையை விட்டு இப்போது ரயில் பெட்டிக்குள் வருவோம்.

கணினிக்கு முந்தைய ரிசர்வேஷன் ஆபீஸ் எப்படி இருந்தது என்று இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். வண்டிக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று பெரிய லெட்ஜர்கள். எழும்பூரில் புறப்படுகிற வண்டியின் லெட்ஜர் எழும்பூரில் இருக்கிறது. விழுப்புரத்தில் ஏறுகிறவருக்கு விழுப்புரம் கவுண்டரில் இடம் கொடுக்க வேண்டும். எழும்பூர் லெட்ஜரில் என்ன எழுதியிருக்கிறது என்று விழுப்புரத்துக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தந்தி அடித்துப் பதில் வருவதற்குள் எழும்பூரில் வேறொருவர் வாங்கியிருப்பார். தோர்ப் கதையேதான், உயிர்ச்சேதம் இல்லாமல்.

இதற்கு ரயில்வே கண்ட வழி கோட்டா. இந்த வண்டியில் இத்தனை பெர்த் விழுப்புரத்துக்கு, இத்தனை திருச்சிக்கு என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவது. அவரவர் புத்தகம் அவரவரிடம். ஒருவர் புத்தகத்தில் இருக்கும் பெர்த் இன்னொருவர் புத்தகத்தில் இருக்காது. ஆகவே இரண்டு பேருக்குப் போகவே வழியில்லை. எளிய ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எழும்பூரில் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுகொண்டே போகும், விழுப்புரத்துக்கு ஒதுக்கிய பெர்த் வாங்க ஆளில்லாமல் கிடக்கும். கோட்டா என்றாலே சலுகை, சிபாரிசு என்றுதான் நாம் பேசுகிறோம். தூரத்திலிருக்கிற இரண்டு புத்தகங்கள் மோதாமல் இருப்பதற்கான தடுப்புச் சுவராகவும் அது இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

விமானக் கம்பெனிகள் வேறு வழியில் போயின. ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊர் ஏஜெண்டும் கேட்காமலே விற்கலாம், விற்றதும் தலைமை ஆபீஸுக்குச் சொல்லவேண்டும். விமானம் நிறையப் போகிறது என்றால் தலைமை ஆபீஸ் 'விற்பனையை நிறுத்து' என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பும். தகவல் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் விற்றுவிட்டால்? அதற்காகக் கொஞ்சம் சீட்டுகளை விற்காமலே வைத்திருந்தார்கள். விமானங்கள் சிறிதாக இருந்தவரை ஓடியது. பிறகு ஓடவில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1946-இல் ரிசர்வைசர் என்ற மின் இயந்திரத்தை வைத்துப் பார்த்தது. 1953-இல் அந்தக் கம்பெனித் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். விற்பனை அதிகாரி பிளேர் ஸ்மித்தும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார நேர்ந்தது. பெயர் ஒற்றுமையில் தொடங்கிய பேச்சு சேபர் என்ற கணினி அமைப்பில் போய் முடிந்தது. நியூயார்க்குக்கு அருகே பிரையர்கிளிஃப் மேனர் என்ற ஊரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளை வைத்து, 1964-இல் அந்த விமானக் கம்பெனியின் முன்பதிவு முழுவதும் அதற்கு மாறியது. நாடு முழுக்க ஒரே புத்தகம். சீட்டு முன்பதிவின் வரலாற்றையே மாற்றிய ஏற்பாடு, இரண்டு பேருக்கு ஒழுங்காக சீட்டு ஒதுக்கியதால் பிறந்தது!

இந்தியாவில் ரயில்வேயின் கணினி முன்பதிவு 1985-86-இல் தில்லியில் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். ஆனால் ஐந்தும் ஐந்து தனிப் புத்தகங்கள். 'கான்செர்ட்' என்ற மென்பொருளின் வழியாக 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய பிறகுதான் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்க முடிந்தது. 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி.யின் இணையவழி டிக்கெட் வந்து, கவுண்டர் நம் கைக்கே வந்துவிட்டது.

ஒரே புத்தகம் ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், ஒரே புத்தகத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுத வருகிறார்கள். நீங்கள் திரையில் ஒரு பெர்த் காலி என்று பார்க்கிறீர்கள். அதே கணத்தில் கோயம்புத்தூரில் ஒருவரும் பார்க்கிறார். இருவரும் 'வேண்டும்' என்று அழுத்துகிறீர்கள். பார்ப்பதையும் எழுதுவதையும் தனித்தனிக் காரியமாக வைத்தால் இருவருக்கும் போய்விடும். ஆகவே இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே காரியமாக முடிச்சுப் போடவேண்டும்: நடந்தால் முழுக்க நடக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. இந்த யோசனைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. கணினித் துறையின் 1998-க்கான டியூரிங் விருது அவருக்கு.  அவருக்கும் முன்னால், ஒரே பொருளுக்கு இரண்டு நிரல்கள் போட்டியிடுவதை அடக்க டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர் 1960-களில் கண்ட கருவிக்கு 'செமஃபோர்' என்று பெயர் வைத்தார். ரயில் பாதையில் கை தூக்கி இறக்கும் சிக்னல் கம்பத்தின் பெயர் அது. கணினிக்காரர்கள் ரயில்வேக்காரர்களிடம் பட்ட கடன் அப்படியே பெயரில் நிற்கிறது.

சினிமா டிக்கெட் எடுக்கும்போது சீட்டைத் தொட்டதும் சில நிமிடங்களுக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறதல்லவா? அந்த நிமிடங்களுக்கு அந்த சீட்டு உங்கள் கையில் இருக்கும் பந்து. பணம் கட்டாவிட்டால் தானாகப் பெட்டிக்குத் திரும்பிவிடும். மண்டப மேனேஜர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். "தேதியைப் பிடிச்சு வெச்சுக்குங்கண்ணே, மாப்பிள்ளை வீட்ல கேட்டுட்டு நாளைக்கு அட்வான்ஸ் தர்றேன்" என்று ஒருவர் போனில் சொன்னால், அந்தப் பிடிப்பு எப்போது காலாவதியாகும் என்று யாருமே சொல்வதில்லை. பென்சிலில் எழுதி வைத்த பெயர் பத்து நாள் அங்கேயே இருக்கும். பதினோராம் நாள் முதலாளி அதை அழித்துவிட்டு வேறொருவருக்குக் கொடுப்பார். பன்னிரண்டாம் நாள் முதல் ஆள் பத்திரிகை அடித்துக்கொண்டு வருவார்.

இதுவரை சொன்னதெல்லாம் தெரியாமல் நடப்பது. தெரிந்தே இரண்டு பேருக்குக் கொடுப்பதும் உண்டு. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்ற கணக்கில் விமானக் கம்பெனிகள் இருக்கிற சீட்டைவிடக் கூடுதலாக விற்கும். எல்லோரும் வந்துவிட்டால் சிலரை இறக்கிவிடும். 1972 ஏப்ரல் 28 அன்று வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்ட் போக அலெகெனி ஏர்லைன்ஸில் உறுதியான டிக்கெட்டோடு வந்த ஒருவரை அப்படித்தான் இடமில்லை என்று திருப்பினார்கள். ஆள் தெரியாமல் செய்துவிட்டார்கள். அவர் ரால்ஃப் நாடர், அமெரிக்க நுகர்வோர் இயக்கத்தின் பெரும் தலைவர். கம்பெனி கொடுத்த இழப்பீட்டை வாங்க மறுத்து வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய், கூடுதலாக விற்றதை மறைத்தது ஏமாற்று என்று வழக்காட அவருக்கு உரிமை உண்டு என 1976-இல் தீர்ப்பானது.

ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1968-இலேயே ஒரு வழி சொல்லியிருந்தார். நீங்களாக ஒருவரைப் பிடித்து இறக்காதீர்கள். எவ்வளவு கொடுத்தால் அடுத்த விமானத்தில் போவீர்கள் என்று பயணிகளையே கேளுங்கள். குறைவாகக் கேட்பவருக்குக் கொடுங்கள். கம்பெனிகள் சிரித்தன. பத்தாண்டு கழித்து, ஆல்ஃப்ரெட் கான் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் விமானப் போக்குவரத்து வாரியத் தலைவராக இருந்தபோது, முதலில் விருப்பப்பட்டவர்களைக் கேட்கவேண்டும் என்பது விதியானது. அந்த விதியை எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கு 2017 ஏப்ரலில் சிகாகோவில் யுனைடெட் விமானத்தில் நடந்தது உதாரணம். விமான ஊழியர் நால்வரை ஏற்ற 800 டாலர் வரை கூவிப் பார்த்து, யாரும் எழாததால் உட்கார்ந்திருந்த பயணியை ஆள் வைத்து இழுத்து வெளியேற்றினார்கள். உலகமே செல்போனில் பார்த்தது. அதே மாதத்தில், இடம் விட்டுக் கொடுப்பவருக்கு யுனைடெட் தரும் தொகையின் உச்சவரம்பு 10,000 டாலர் ஆனது. அன்றே கூட்டியிருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள்.

நம் நாட்டு விதியில், இப்படி ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானமும் தராவிட்டால், கட்டணத்தின் மடங்குகளில் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் தாமதமானால் 20,000. கேட்டு வாங்கியவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை கை உயரும் என்று எனக்குச் சந்தேகம்.

இந்த விஷயத்தில் நான் இந்திய ரயில்வே பக்கம். ஆர்.ஏ.சி. என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, உலகத்திலேயே நாணயமான இரட்டைப் பதிவு அதுதான் என்பேன். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தை இரண்டு இருக்கையாக்கி இரண்டு பேருக்குக் கொடுத்து, அதை டிக்கெட்டிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். யாராவது வராவிட்டால் வரிசைப்படி பெர்த் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் உட்கார்ந்து ஊர் போய்ச் சேரலாம். விமானக் கம்பெனி மறைத்து விற்பதை இவர்கள் எழுதிக் கொடுத்து விற்கிறார்கள். ராத்திரி முழுக்க முன்பின் தெரியாதவரோடு முழங்கால் மடக்கி உட்கார்ந்து வருவது சுகமில்லைதான். ஆனால் ஏமாந்தோம் என்ற கசப்பு இல்லை.

நம் ரயிலில் இன்னொரு அழகும் உண்டு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரே பெர்த்துக்கு இருவர் டிக்கெட் வைத்திருக்கலாம். ஒருவர் எழும்பூரிலிருந்து திருச்சி வரை, மற்றவர் திருச்சியிலிருந்து நாகர்கோவில் வரை. முதலாமவர் தூங்கிப்போனால் அன்றைக்கு டி.டி.ஆருக்கு வேலை.

ரயிலையும் விமானத்தையும் விட்டு, இனி நம் அன்றாடக் கதை. சினிமாவில் இதற்குக் கால்ஷீட் பிரச்சினை என்று பெயர். இரண்டு கம்பெனிகள் ஒரே தேதியில் செட் போட்டு, நடிகருக்குக் காத்திருக்கும். கோர்ட்டில் வக்கீலுக்கு இரண்டு கோர்ட் ஹாலில் ஒரே நேரத்தில் வழக்கு வந்துவிட்டால் ஜூனியர் எழுந்து 'பாஸ் ஓவர்' கேட்பார். வழக்கைச் சற்றுத் தள்ளி எடுத்துக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள் அது. மோதல் வரும் என்று தெரிந்தே அதற்கு ஒரு வாசல் வைத்திருக்கிற இடம் நீதிமன்றம். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளுக்கு வேறு தொல்லை. நியூயார்க்கில் காலை பத்து மணிக் கூட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பியதும் அது ஏழரை ஆகிவிடும், ஏழரைக்கு ஏற்கனவே வேறு கூட்டம் இருக்கும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் கடிகாரத்தை மாற்றும் என்பதால் நடுவில் சில வாரங்களுக்கு மூன்று கண்டத்துக் கூட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

வீட்டில்? ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரண்டு லெட்ஜர். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அம்மா வட்டம் போட்டு வைத்திருப்பார். அப்பா போனில் "கண்டிப்பா வந்துடறோம்" என்று யாருக்கோ சொல்லியிருப்பார், அது எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பத்திரிகை வந்து நிற்கும்போதுதான் தெரியும். கோட்டா முறைப்படி காலண்டரைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நம் ஆட்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரே கல்யாணத்துக்கு இரண்டு வேளை இருப்பதால், ஒன்றுக்கு மாலையில் தலை காட்டிவிட்டு மற்றதற்குக் காலையில் போய்விடலாம். இரண்டும் முடியாதபோது கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். அதுவும் முடியாதபோது போகிறவர் கையில் கவர்.

வாசலில் மொய் எழுதுகிற மேஜையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் பணத்தை எண்ணிச் சத்தமாகச் சொல்வார், ஒருவர் எழுதுவார். ஒரே நோட்டு, ஒரே பேனா. கூட்டம் அதிகமானால் பெண் வீட்டு நோட்டு தனி, மாப்பிள்ளை வீட்டு நோட்டு தனி என்று பிரித்துவிடுவார்கள். ஒரே நோட்டில் இருவரை எழுத விடமாட்டார்கள். கவர் கொடுத்தனுப்பியவர் பெயரும் ஊரும் அதில் முறையாக ஏறிவிடும். அதே நேரத்தில் அவர் வேறொரு மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பற்றி அந்த நோட்டுக்கு அக்கறை இல்லை.